வால்வை முழுக்கத் திறப்பதா, கால் சுற்றுத் திருப்பி விடுவதா?

புதுத்துடுப்பு | ஜனவரி 12, 2024, காலை 7.10

ஸ்கூபா டைவிங்கில், ஒற்றைச் சிலிண்டர் பயிற்சியில் "வால்வை முழுக்கத் திற, அப்புறம் கால் சுற்றுத் திருப்பி விடு" என்றார்கள். இரட்டைச் சிலிண்டர் வகுப்பில் அதை அடியோடு மறக்கச் சொல்கிறார்கள். ஒரு கால் சுற்றில் என்ன குடி முழுகிப் போகிறது?

நீர்க்காகம் | ஜனவரி 12, காலை 9.45

முழுகத்தான் போகிறது.

முழுக்கத் திறந்து கால் சுற்று மூடிய வால்வு, முழுக்க மூடிக் கால் சுற்று திறந்த வால்வு: இரண்டும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆடும், எது எந்த முனை என்று சொல்ல முடியாது. படகில் ரெகுலேட்டரை (மூச்சு இழுக்கும் வாய்க்கருவி) கடித்து இரண்டு மூச்சு இழுத்தால் இரண்டிலும் காற்று வரும். மேற்பரப்பில் சுற்றழுத்தம் 1 பார், 40 மீட்டரில் 5 பார். அதே மூச்சுக்கு ஐந்து மடங்கு காற்று அந்தச் சின்ன இடுக்கு வழியாக வந்தாக வேண்டும். வராது.

பழைய வால்வுகள் முழுத் திறப்பில் இறுகிச் சிக்கிக்கொள்ளும் என்பதால் வந்த பழக்கம் அது. இப்போதைய வால்வுக்குத் தேவையில்லை. ஒன்று முழுக்கத் திற, இல்லையென்றால் முழுக்க மூடு. நடுவில் நிற்கும் வால்வு எதுவாக இருந்தாலும் கோளாறு என்று எடுத்துக்கொள்.

ஆறுமீட்டர் | ஜனவரி 12, மாலை 6.20

மூச்சு இழுக்கும்போது பிரஷர் கேஜ் முள்ளைப் பார்த்தால் போதுமே. வால்வு பாதி மூடியிருந்தால் மூச்சுக்கு மூச்சு முள் இறங்கி ஏறும்.

நீர்க்காகம் | ஜனவரி 12, இரவு 8.05

ஒற்றைச் சிலிண்டரில் சரி. இரட்டையில் அது பாதி உண்மை. கேஜ் பொதுவாக இடது ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (வால்வில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி) தொங்கும். வாயில் இருக்கும் நீள ஹோஸ் வலது ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இருந்து வரும். வலது வால்வு இம்மியளவே திறந்திருந்தாலும் இடது பக்க முள் அசையாமல் அழகாக நிற்கும். அந்தச் சோதனை இடது வால்வுக்கும் கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரான நெக்லஸ் ரெகுலேட்டருக்கும் மட்டுமே செல்லும். வலது வால்வைக் கையால்தான் பார்க்க வேண்டும்: திறக்கும் பக்கமாகத் திருப்பு, நிற்கிறதா பார். இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குழாயின் நடு வால்வான ஐசொலேட்டருக்கும் இதே வழிதான்.

கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடை தரும் சோதனை, சோதனையே இல்லை. இந்தத் துறையில் அந்த ரகம் நிறைய உண்டு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

புதுத்துடுப்பு | ஜனவரி 13, காலை 6.50

ஐசொலேட்டர் எதற்கு மூடியிருக்கப் போகிறது? அதை யார் தொடுகிறார்கள்?

இரட்டைத்தொட்டி | ஜனவரி 13, பகல் 12.30

காற்று நிரப்புகிறவர் தொடுவார். முந்தைய பயிற்சியில் நீயே மூடிவிட்டு மறந்திருப்பாய். வண்டியில் உருண்டு வரும்போதும் திரும்பும்.

கணக்குப் போட்டுப் பார். 12 லிட்டர் இரட்டை, முந்தைய டைவில் மிச்சம் 80 பார், ஐசொலேட்டர் மூடியிருக்கிறது. வலது பக்கம் குழாயை மாட்டி நிரப்பினால் இடது 80-லேயே கிடக்கும், கேஜும் 80 காட்டும், உடனே தெரிந்துவிடும். இடது பக்கம் மாட்டி நிரப்பினால்தான் வம்பு. இடது 220, கேஜும் 220. நீ மூச்சு விடுவதோ வலதில், அங்கே இருப்பது 80 பார், அதாவது 960 லிட்டர். 30 மீட்டரில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் மூச்சு வாங்குகிறவருக்கு அங்கே 80 லிட்டர் ஆகும். 12 நிமிடத்தில் கதை முடிந்தது. அந்த 12 நிமிடமும் கேஜ் 220 காட்டிக்கொண்டே இருக்கும்.

வால்வுகள் ஒழுங்காகத் திறந்திருந்தால் அதே ஆழத்தில் நிமிடத்துக்கு 3 பார் சொச்சம் இறங்க வேண்டும். பத்து நிமிடத்தில் முப்பது பாராவது குறையாத கேஜைப் பார்த்து "இன்னைக்கு மூச்சு நல்லா அடங்கியிருக்கு" என்று சந்தோஷப்படாதே. உடனே கையைப் பின்னால் கொண்டுபோ.

நீர்க்காகம் | ஜனவரி 13, பகல் 1.15

இதோடு சேர்த்து இன்னொன்று. நைட்ராக்ஸோ (ஆக்சிஜன் கூட்டிய காற்று) டிரைமிக்ஸோ (ஹீலியமும் சேர்ந்த கலவை) நிரப்பியபோது ஐசொலேட்டர் மூடியிருந்திருந்தால் இரண்டு சிலிண்டரிலும் இரண்டு விதக் கலவை இருக்கும். வலது வால்வில் மட்டும் ஆக்சிஜன் அளந்து ஸ்டிக்கர் ஒட்டினால் இடது பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வால்விலும் அள. மூடியிருப்பதைக் கண்டுபிடித்தால் மெதுவாகத் திற, அழுத்தம் சமமாகட்டும், பிறகு மறுபடி முதலில் இருந்து அள. பழைய அளவை வைத்து மனக்கணக்கு போடாதே.

ஆறுமீட்டர் | ஜனவரி 14, காலை 10.00

ஆக்சிஜன் அளவுக்கருவி பற்றியும் சொல்லிவிடலாம். காற்றில் 20.9 வைத்துச் சரிசெய்த பிறகுதான் அளக்கணும். வாயு வேகமாகப் பாய்ந்தால் சென்சார் மேல் அழுத்தம் கூடி அளவு ஏறித் தெரியும். நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் மெல்லிய ஓட்டம், எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருக்கணும். சுத்த ஆக்சிஜனில் வைத்தால் 98, 99 வரை ஏறாத சென்சார் கிழம். காற்றில் மட்டும் ஒழுங்காக நடிக்கும்.

புதுத்துடுப்பு | ஜனவரி 14, இரவு 9.30

சரி, இப்போது நிஜமான கேள்வி. தலைக்குப் பின்னால் திடீரென்று குமிழிகள் பொங்குகின்றன, எங்கே என்று தெரியவில்லை. முதலில் ஐசொலேட்டரா, வலது வால்வா? ஒரு பயிற்சியாளர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் நேர்மாறாகச் சொல்கிறார்.

இரட்டைத்தொட்டி | ஜனவரி 14, இரவு 9.52

ஐசொலேட்டர். எங்கே ஒழுகினாலும் பாதிக் காற்று மிஞ்சும். விவாதம் முடிந்தது.

நீர்க்காகம் | ஜனவரி 15, காலை 8.10

முடியவில்லை. வலது பக்கம்தான் நிறைய தொங்குகிறது: வாயில் இருக்கும் நீள ஹோஸ், விங்குக்கு (முதுகில் இருக்கும் மிதப்புப் பை) காற்று தரும் ஹோஸ். உழைப்பும் அதற்குத்தான் அதிகம். வலது வால்வை மூடிக் கசிவு நின்றால் இரண்டு சிலிண்டர் காற்றும் இடது வால்வு வழியாக உன்னுடையதே. ஐசொலேட்டரை முதலில் மூடினால் பாதியைக் காப்பாற்றுகிறாய். எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று தெரியும் வரை மறு பாதி போய்க்கொண்டே இருக்கும்.

என் வரிசை: விளக்கை ஆட்டிக் கூட்டாளியைக் கூப்பிடு. அதே நேரம் வலது கை வலது வால்வுக்குப் போகட்டும். மூடு. வாயில் காற்று நிற்கும்போது நெக்லஸ் ரெகுலேட்டருக்கு மாறு. சத்தம் நின்றதா, காது கொடு. நிற்கவில்லையா, வலதைத் திற, நீள ஹோஸுக்குத் திரும்ப மாறு, இடதை மூடு. அதிலும் நிற்கவில்லை என்றால் கசிவு மேனிஃபோல்டிலோ (சிலிண்டர்களை இணைக்கும் குழாய்) சிலிண்டர் கழுத்து ஓ-ரிங்கிலோ இருக்கிறது. அப்போதுதான் ஐசொலேட்டர். மூடிய பிறகு ஒழுகும் பக்கத்துக் காற்றை முதலில் மூச்சுக்கு எடு. எப்படியும் வீணாகப் போகிறது, நல்ல பக்கம் கையிருப்பாக நிற்கட்டும்.

இரட்டைத்தொட்டி | ஜனவரி 15, காலை 8.40

நீ சொன்ன வரிசைக்கு நிதானமான கூட்டாளி வேண்டும். தனியாகத் தொலைவில் நிற்கிறவனுக்கும், மேனிஃபோல்டே பொளந்துகொண்டவனுக்கும் ஐசொலேட்டர் முதல் என்பதுதான் பிழைக்கும் வழி.

நீர்க்காகம் | ஜனவரி 15, காலை 11.25

ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். குழு மொத்தமும் ஒரே வரிசையைப் பழகியிருப்பதுதான் எந்த வரிசை என்பதைவிட முக்கியம். கூட்டாளி பின்னால் வந்து பார்க்கும்போது நீ எதை மூடியிருப்பாய் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வரிசையையும் கலந்து கற்ற இருவர் சேர்ந்தால் நல்ல வால்வைத்தான் மாறி மாறி மூடுவார்கள்.

இன்னொரு விஷயம், பதற்றத்தைக் குறைக்கும். கேஜுக்குப் போகும் உயரழுத்த ஹோஸ் வெடித்தால் சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அதன் வாய் ஊசித்துளை அளவுதான், காற்று மெதுவாகவே போகும். ரெகுலேட்டருக்குப் போகும் குறைந்தழுத்த ஹோஸ் வெடிப்பதுதான் நிமிடங்களில் சிலிண்டரைக் காலி பண்ணும். பெயரைப் பார்த்து ஏமாறாதே.

ஆறுமீட்டர் | ஜனவரி 15, இரவு 7.15

மூடிய பிறகு என்னென்ன போகிறது என்பதையும் மனப்பாடம் செய்யணும். வலதை மூடினால் விங்குக்கு இயந்திரக் காற்று இல்லை. வாயால் ஊது, இல்லை டிரைசூட்டை (காற்று விடும் நீர்புகா உடை) நம்பு. இடதை மூடினால் கேஜ் செத்தது. கடைசியாகப் பார்த்த எண்ணை மூடுவதற்கு முன்பே நினைவில் வை. டிரைசூட் ஹோஸும் இடதில் இருந்தால் அதுவும் போச்சு.

புதுத்துடுப்பு | ஜனவரி 16, காலை 7.00

இத்தனையும் செய்யக் கை எட்ட வேண்டுமே! ஐசொலேட்டரை விரல் நுனிதான் தொடுகிறது.

நீர்க்காகம் | ஜனவரி 16, காலை 9.30

தோளைக் குறை சொல்லும் முன் சிலிண்டரைப் பார். பட்டைகளைத் தளர்த்திச் சிலிண்டரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஏற்று. தலையை நிமிர்த்தினால் பின்மண்டை மேனிஃபோல்டில் லேசாகப் படும் உயரம் சரி. தோள் வார் இறுக்கமாக இருந்தால் கை மேலே போகவே போகாது; வாருக்கும் தோளுக்கும் நடுவில் நாலு விரல் நுழையும்படி விடு. டிரைசூட்டில் கையை உயர்த்தும் முன் கொஞ்சம் காற்று விடு, துணி இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். முழங்கையை வெளியே விரிக்காதே; காதோடு ஒட்டி முன்னால் இருந்து மேலே கொண்டுபோ. இத்தனைக்குப் பிறகும் எட்டாவிட்டால் தோள் பயிற்சி. அதுவரை அந்தத் தொகுதியோடு ஆழத்துக்குப் போகாதே.

பயிற்சி 5, 6 மீட்டரில். வலதை மூடு, மாறு, திற, நீள ஹோஸை அழுத்திச் சோதி, திரும்ப மாறு. ஐசொலேட்டரை மூடு, திற. இடதை மூடு, நெக்லஸ் ரெகுலேட்டரை அழுத்தி வற்றவிடு, திற. கடைசியில் மூன்றையும் மறுபடி தொட்டு, திறக்கும் பக்கம் நிற்கிறதா பார். இந்தக் கடைசிச் சுற்றை விட்டுவிட்டு ஆழத்துக்குக் கிளம்புகிறவர்கள்தான் மூடிய வால்வோடு கிளம்புகிறார்கள். வேகம் வேண்டாம். உடல் கிடைமட்டமாக, ஒரே ஆழத்தில் நிற்பது வேண்டும். வால்வைத் திருப்பும்போது ஒரு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் பயிற்சி ஆகவில்லை.

இரட்டைத்தொட்டி | ஜனவரி 16, மாலை 5.05

மேலே கூரை இருக்கும் இடங்களில் இன்னொன்று. முன்னோக்கி நீந்தும்போது பிடிகள் கூரையில் உரசினால் வலது திறக்கும் பக்கமும் இடது மூடும் பக்கமும் சுழலும். வாயில் வலது இருப்பதால் இடது மூடியது தெரியவே தெரியாது. தேவைப்படும் நேரத்தில் நெக்லஸ் ரெகுலேட்டரில் காற்று இருக்காது. எங்கே இடித்தாலும் உடனே இடது பிடியைத் தொடு.

புதுத்துடுப்பு | ஜனவரி 19, காலை 7.40

மூன்றில் ஒரு பங்கு விதி (ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு) இருக்கும்போது "குறைந்தபட்சக் காற்று" என்று தனியாக ஏன் கணக்குப் போட வேண்டும்?

நீர்க்காகம் | ஜனவரி 19, இரவு 8.30

மூன்றில் ஒரு பங்கு குகைக்குப் பிறந்த விதி. வந்த வழியே திரும்ப வேண்டிய இடத்துக்கு. திறந்த நீரில் கேள்வி வேறு: எந்த நொடியில் கூட்டாளியின் காற்று போனாலும், ஒரே சிலிண்டர் தொகுதியில் இருவரும் அடுத்த வாயு வரை ஏற முடியுமா?

45 மீட்டர், டெக்கோ வாயு (உடலில் கரைந்த வாயு வெளியேற, ஏறும் வழியில் நின்று நின்று மூச்சுக்கு எடுப்பது) 50 சதவீத நைட்ராக்ஸ், 21 மீட்டரில் மாற்றம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடம் 30 லிட்டர், இருவருக்கு 60.
அடியில் 2 நிமிடம்: 60 × 5.5 × 2 = 660.
21 வரை 24 மீட்டர் ஏற்றம், நிமிடத்துக்கு 9 மீட்டர், 3 நிமிடம் என்று வை. சராசரி 33 மீட்டர், 4.3 பார்: 60 × 4.3 × 3 = 774.
21-இல் மாறுவதற்கு 1 நிமிடம்: 60 × 3.1 = 186.
மொத்தம் 1620 லிட்டர். 24 லிட்டர் தொகுதிக்கு 67.5 பார், 70 என்று வை.

210 பாரில் தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கும் 70, இரண்டும் ஒத்துப்போகும். 180-இல் தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கு 60. விதி சரி என்கிறது, கணக்கு போதாது என்கிறது. கணக்கை நம்பு.

ஆறுமீட்டர் | ஜனவரி 19, இரவு 9.10

210 என்பதும் குளிர்ந்த பிறகு பார்த்த 210 ஆக இருக்கணும். 45 டிகிரிச் சூட்டில் 232 காட்டும் சிலிண்டர் 25 டிகிரி நீரில் சுமார் 217-க்கு இறங்கும்.

அப்புறம் அந்த 1620, 50 சதவீத சிலிண்டர் வேலை செய்யும் என்று நம்பி வந்த எண். அதன் ரெகுலேட்டர் மக்கர் செய்தால்? கூட்டாளியின் டெக்கோ சிலிண்டரை மாற்றி மாற்றிப் பகிர்வது ஒரு வழி, முதுகுச் சிலிண்டர் காற்றிலேயே டெக்கோ முடிப்பது இன்னொரு வழி. இரண்டாவதுக்கு நேரம் நீளும். அந்த அட்டவணையைக் கரையிலேயே எழுதி எடுத்துப் போகணும்.

நீர்க்காகம் | ஜனவரி 20, காலை 10.20

ஆழம் கூடக் கூட, அழுத்தத்தில் வாயு தரும் மயக்கத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது, வாயுவின் அடர்த்தியையும் பார். லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள், 6.2-ஐத் தாண்டாதே என்பது இப்போதைய பரிந்துரை. காற்று 31 மீட்டரிலேயே 5.2-ஐத் தொடும், 39-இல் 6.2. அடர்ந்த வாயுவில் நுரையீரல் கரியமில வாயுவை ஒழுங்காக வெளியேற்ற முடியாது. மூச்சு வாங்கும், பதற்றம் கூடும், இன்னும் வேகமாக மூச்சு வாங்கும்.

18/45 டிரைமிக்ஸை (18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம்) எடு. 60 மீட்டரில் ஆக்சிஜன் அழுத்தம் 1.26, மயக்கம் காற்றில் 28 மீட்டருக்குச் சமம். எல்லாரும் தலையாட்டும் கலவை. அடர்த்தி? மேற்பரப்பில் லிட்டருக்கு 0.80 கிராம், 7 பாரில் 5.6. பரிந்துரையைத் தாண்டிவிட்டது. இந்தக் கலவையில் 5.2 என்பது 55 மீட்டர். 60-இல் எதிர்நீரோட்டத்தில் துடுப்படிக்கப் போகிறாய் என்றால் ஹீலியத்தை ஏற்று.

ஹீலியக் கலவையை டிரைசூட்டில் மட்டும் விடாதே. காற்றைப் போல் சுமார் ஆறு மடங்கு வெப்பம் கடத்தும். டெக்கோவில் பல் கிடுகிடுக்கும்.

புதுத்துடுப்பு | ஜனவரி 22, காலை 6.55

டெக்கோ சிலிண்டர் மாற்றத்தில் என்னதான் தப்பு நடக்கும்? எழுதித்தானே ஒட்டியிருக்கிறது.

நீர்க்காகம் | ஜனவரி 22, பகல் 1.00

எழுதியிருப்பது ஸ்டிக்கரைப் பற்றி. உள்ளே இருப்பது அளவுக்கருவிக்குத்தான் தெரியும். அதனால்தான் அளந்த பிறகு ஒட்டு, பழையதைக் கிழித்தெறி. சிலிண்டரின் பக்கவாட்டில் ஆழ எல்லை மட்டும் உள்ளங்கை அளவு எண்ணில்: 50 சதவீதத்துக்கு 21, ஆக்சிஜனுக்கு 6. கூட்டாளி மூன்று மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். சதவீதம், தேதி எல்லாம் கழுத்தருகே சின்ன எழுத்தில் போதும்.

மாற்றும் வரிசை: ஆழத்தைப் பார், நில். சிலிண்டரில் உள்ள எண்ணைப் படி, கூட்டாளிக்குக் காட்டு. ரெகுலேட்டரை எடு, வால்வைத் திற. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இருந்து ஹோஸை விரலால் தடவிக்கொண்டே வாய் வரை வா. கூட்டாளியும் அதே கோட்டைக் கண்ணால் தொடரட்டும். அவர் தலையாட்டிய பிறகு மாறு. டைவ் கணினியில் வாயுவை மாற்றிக் குறிப்பது கடைசி வேலை. ஆக்சிஜனும் 50-ம் ஒரே பக்கம் தொங்கினால் ஹோஸ்கள் பின்னிக்கொள்ளும். விரலால் தடவாதவன் 21 மீட்டரில் ஆக்சிஜனைக் கடிப்பான். அங்கே அது 3.1 பார். வலிப்பு வரும், முன்னறிவிப்பே இல்லாமலும் வரலாம். வாயில் ரெகுலேட்டர் நிற்காது.

இரட்டைத்தொட்டி | ஜனவரி 22, பகல் 1.40

நிறத்தை வைத்து அடையாளம் வேண்டாமா? பச்சை ரெகுலேட்டர் ஆக்சிஜனுக்கு.

நீர்க்காகம் | ஜனவரி 22, பகல் 2.10

ஆழத்தில் நிறங்கள் மங்கி மாறித் தெரியும். நிறம் இருந்தால் இருக்கட்டும், அதை நம்பிக் கடிக்காதே.

ஆறுமீட்டர் | ஜனவரி 22, இரவு 10.15

டெக்கோ சிலிண்டரை ஒரு தடவை திறந்து ஹோஸில் அழுத்தம் ஏற்றி மூடிவிட்டு இறங்குகிறோம். இறங்க இறங்கச் சுற்றழுத்தம் ஏறும், ஹோஸுக்குள் இருப்பது ஏறாது. மேலே சுமார் 9.5 பார் வித்தியாசம் இருந்த ஹோஸில் 45 மீட்டரில் 5 தான் மிஞ்சும். கொஞ்சம் கசிந்திருந்தால் அதுவும் இருக்காது, செகண்ட் ஸ்டேஜ் (வாயில் கடிக்கும் பகுதி) வழியாகத் தண்ணீர் நுழைந்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போகும். நடுநடுவே திறந்து மூடணும்.

40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள சிலிண்டரை எப்போதும் மெதுவாகத் திற. படாரென்று திறந்தால் வாயு நெரிபட்டுச் சூடேறும், உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பற்றும். சிலிக்கான் கிரீஸ் போட்ட ஓ-ரிங் அதற்குப் போதுமான விறகு. ஆக்சிஜனுக்கு உகந்த மசகு தனியாக உண்டு.

சுண்ணாம்புச்சட்டி | ஜனவரி 24, காலை 11.11

நீங்கள் எல்லாரும் குமிழி விட்டுக் காசைக் கரைப்பவர்கள். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் ரீபிரீதருக்கு வாருங்கள், இந்த ஹோஸ் சண்டை எதுவும் இல்லை.

நீர்க்காகம் | ஜனவரி 24, பகல் 12.05

ஹோஸ் சண்டை இல்லை, சென்சார் சண்டை உண்டு. மேலே சொன்னேனே, விடையே மாறாத சோதனைகள். உங்கள் ஐந்து நிமிட முன்மூச்சு அந்த ரகம். கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்பு பாதி கெட்டிருந்தாலும், ஏன் டப்பாவே இல்லாவிட்டாலும், கரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு விட்டு ஒன்றும் உணராதவர்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜன் மின்னணு ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்க்க அது பயன்படும். சுண்ணாம்புக்குச் சான்று அதை நிரப்பிய கையும் எழுதிவைத்த நேரக் கணக்கும்தான். நிரப்பும்போது தட்டித் தட்டி இறுக்கு. இடைவெளி விழுந்தால் வாயு அந்த வழியாகவே ஓடும்.

சுண்ணாம்புச்சட்டி | ஜனவரி 24, பகல் 12.40

ஒத்துக்கொள்கிறேன். சென்சாருக்கும் ஒன்று சேர்க்கிறேன். மூன்றும் ஒரே எண் காட்டினால் மூன்றும் சரி என்று அர்த்தமில்லை. ஒரே நாளில் வாங்கியவை ஒரே நாளில் கிழமாகும். கிழட்டு சென்சார் ஆக்சிஜன் அழுத்தம் 1.2 பார் வரை ஒழுங்காகக் காட்டிவிட்டு அதற்கு மேல் ஏறாது. கருவியில் வைத்த இலக்கு 1.3 என்றால் கருவி ஆக்சிஜனை ஊற்றிக்கொண்டே இருக்கும். 6 மீட்டரில் உள்ளே ஆக்சிஜன் நிரப்பிப் பார், 1.6-ஐ நெருங்காத சென்சாரைக் கழற்றிப் போடு. இறங்கும் முன் ஆக்சிஜன் வால்வு திறந்திருக்கிறதா என்பதை மறுபடி பார். மூடியிருந்தாலும் முதல் சில நிமிடம் எல்லாம் இனிமையாகவே இருக்கும், பிறகு நினைவு போகும்.

இரட்டைத்தொட்டி | ஜனவரி 24, மாலை 4.30

ஆக, எங்கே போனாலும் வால்வைத் தொட்டுத்தான் பார்க்கணும். காசுதான் வேற கணக்கு.

புதுத்துடுப்பு | ஜனவரி 27, காலை 8.20

நாம் இருக்கும் இடத்தைக் காட்ட மேலே மிதவை அனுப்பும்போது, அதன் நூல் சுற்றிய ரீலை வாரில் கிளிப் செய்துகொள்ளலாமா? கை காலியாக இருக்குமே.

நீர்க்காகம் | ஜனவரி 27, காலை 9.00

கூடாது. நூல் சிக்கினால் மிதவை உன்னையும் சேர்த்து மேலே இழுக்கும், டெக்கோவைத் தாண்டி. கையில் பிடி, சிக்கினால் விடு. 21 மீட்டரில் உள்ளே விட்ட ஒரு லிட்டர் காற்று மேலே 3.1 லிட்டர் ஆகும், அதனால் அடியில் முட்ட ஊதத் தேவையில்லை. நூல் ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், நீரோட்டத்தில் சாய்ந்து போகும். இரண்டாவது மிதவை வேறு நிறத்தில் பையில் இருக்கட்டும்.

கருவியைக் கிளிப்போடு கட்டும்போது உலோகத்தோடு உலோகமாக வளையம் போட்டு மாட்டாதே, நடுவில் கயிறு. கிளிப் இறுகிக்கொண்டால் கயிற்றைக் கத்தியால் அறுக்கலாம்.

புதுத்துடுப்பு | ஜனவரி 27, காலை 9.25

எந்த அளவு கிளிப்?

ஆறுமீட்டர் | ஜனவரி 27, காலை 9.50

கையுறையைப் போட்டுக்கொண்டு கடையில் திறந்து பார்த்து வாங்கு. கேஜுக்கும் நீள ஹோஸுக்கும் சின்னது போதும், டெக்கோ சிலிண்டருக்குப் பெரியது. 5 மில்லிமீட்டர் கையுறையில் சின்னதின் நாக்கு பிடிபடாது. துருப்பிடிக்காத எஃகு, பித்தளையில் நாக்கு சீக்கிரம் தேயும். ஸ்பிரிங் பக்கத்தில் உப்பு சேரும், ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் நாக்கை அழுத்தி அழுத்திக் கழுவு.